துன்பமும் நோக்கமும்: பிராங்கலின் நூலை நெய்வேலியில் வாசித்தல்

துன்பத்தைப் பற்றிய அருளுரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் நூல்களுள் ஒன்று விக்டர் பிராங்கல் எழுதியதாகும். வியன்னா நகரத்து யூத மனநல மருத்துவரான இவர் 1942இல் குடும்பத்தினருடன் நாட்சியரால் கைது செய்யப்பட்டு, தெரேசியன்ஸ்டாட், ஆஷ்விட்ஸ் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டார். 1945இல் விடுதலை பெற்றபோது பெற்றோரையும் சகோதரரையும் மனைவியையும் இழந்திருந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் ஆங்கிலத்தில் ‘மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்’ என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது. வாழ்வில் நோக்கம் கண்டவனுக்குத் தாங்கும் ஆற்றல் பிறக்கிறது என்பதே இதன் சாரம் எனப் பொதுவாகக் கூறுவர். நூலின் பெருமையை நாம் மறுக்கவில்லை. பிரசங்க பீடத்தில் அது கையாளப்படும் முறையையே ஆராய விழைகிறோம்.

பிராங்கல் காட்டும் வழிகள் மூன்று. ஒரு பணியைச் செய்து முடித்தல் முதலாவது. ஒருவரையோ உயர்ந்த ஒன்றையோ அன்புகூர்ந்து அனுபவித்தல் இரண்டாவது. தவிர்க்கவியலாத துன்பத்தை ஏற்கும் மனநிலை மூன்றாவது. இம்மூன்றாவதற்கு அவர் ஒரு நிபந்தனை விதிக்கிறார்: துன்பத்தைத் தவிர்க்க இயலுமாயின், அதன் காரணத்தை அகற்றுவதே பொருளுள்ள செயல், வீணே துன்புறுதல் வீரம் ஆகாது. நோக்கம் காண்பதற்குத் துன்பம் இன்றியமையாதது என்றும் அவர் போதிக்கவில்லை. நம் அருளுரைகளிலோ முதலிரு வழிகள் மறைகின்றன, நிபந்தனை உதிர்ந்துவிடுகிறது, ‘தாங்கு’ என்னும் கட்டளை மட்டும் எஞ்சுகிறது.

இக்குறை எத்துணைப் பெரிது என்பதை நெய்வேலியில் வைத்துப் பார்த்தால் விளங்கும். 2020 ஜூலை 1ஆம் நாள் அங்குள்ள இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து ஆறு தொழிலாளர் அன்றே மாண்டனர். தீக்காயமுற்றோரில் மேலும் சிலர் பின்னர் மருத்துவமனையில் இறந்தனர். அதே ஆண்டு மே மாதத்திலும் அந்நிலையத்தில் ஒரு கொதிகலன் வெடித்து உயிர்கள் மாண்டிருந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்தையொட்டிய கால்வாய்ப் பணிக்காக, விளைந்து நின்ற நெற்பயிர் இயந்திரங்களால் அழிக்கப்பட்டது. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்று நிறுவனம் கூறியது. பயிரிட்டவர்களோ தங்கள் உழைப்பு மண்ணோடு போவதைக் கண்டனர். இத்தகைய மக்கள் நடுவே நின்று, ‘இத்துன்பம் உங்களைப் பக்குவப்படுத்தும்’ என்று மட்டும் கூறும் ஆயர் யாருக்கு ஊழியம் செய்கிறார்? கொதிகலனைச் சோதிக்க வேண்டியவர்களுக்கும் இழப்பீட்டைத் தீர்க்க வேண்டியவர்களுக்கும் அவர் அறியாமலே ஓய்வளிக்கிறார்.

நெய்வேலிச் சுரங்கமே நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் பேரழுத்தத்துடன் நீர் தேங்கி நிற்கிறது. அதை இரவு பகலாக இறைக்காவிடில் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். பொறியாளர் எவரும் தரையின் தாங்கும் ஆற்றலை நம்பி வாளாவிருப்பதில்லை. முதலில் அழுத்தத்தைக் குறைக்கின்றனர். மண்ணுக்குக் காட்டும் இக்கரிசனையை மனிதனுக்குக் காட்ட நாம் ஏன் தயங்குகிறோம்?

பிராங்கலின் நூலிலும் போதாமை உண்டு. அவர் பேசும் சுதந்தரம் பெரிதும் தனிமனிதனின் உள்ளத்தில் நிகழ்வது. கூடி அழுவதற்கும் கூடி முறையிடுவதற்கும் அங்கே இடம் சிறிது. திருமறையிலோ எகிப்தில் இஸ்ரவேலரின் கூக்குரல் மேலெழுகிறது. கர்த்தர் அதைக் கேட்டு இறங்கி வருகிறார். பொறுமையை அவர்களுக்குப் போதிப்பதற்கன்று, அவர்களை விடுவிப்பதற்கே வருகிறார். யோபின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய் அமர்ந்திருந்தவரை நல்ல ஆயர்களாயிருந்தனர். விளக்கத் தொடங்கியபோதே பிழை செய்தனர். ரோமர் 5ஆம் அதிகாரத்தில் உபத்திரவம் பொறுமையைப் பிறப்பிப்பதாகப் பவுல் எழுதுவது உண்மையே. ஆனால் அவர் ‘நாம்’ என்று, அடிபட்டவர்களுள் ஒருவராக எழுதுகிறார்; பார்வையாளராக எழுதவில்லை.

ஆயினும் தவிர்க்கவியலாத துன்பம் உண்டு. கணவனை இழந்தவளுக்கு எந்த விசாரணையும் அவனைத் திருப்பித் தராது. இங்கே பிராங்கலின் குரல் நமக்குத் தேவைப்படுகிறது. அவள் பிள்ளைகளை வளர்ப்பதில் ஒரு பணியைக் காணலாம். மறைந்தவன்மேல் கொண்ட அன்பு மரணத்தோடு முடியவில்லை என்று காணலாம். ஆனால் அதைக் காண்பவள் அவளாகவே இருக்கவேண்டும். ஒருவருடைய வாழ்வின் பொருளை மற்றொருவர் எடுத்துக் கொடுக்கவியலாது, அவரவரே கண்டடையவேண்டும் என்பது பிராங்கலின் உறுதியான கருத்து. ஆகவே அடக்க ஆராதனையிலேயே ‘இதன் நோக்கம் இன்னது’ என்று அறிவிக்கும் அருளுரை, தான் மேற்கோள் காட்டும் நூலுக்கே முரணானது. மேலும், மனவலிமை இருந்தவர் பிழைத்தார், இல்லாதவர் மடிந்தார் என்று எவரும் கணக்கிடலாகாது. முகாம்களிலிருந்து மிகச் சிறந்தோர் திரும்பவில்லை என்று அந்நூலே சாட்சி பகர்கிறது.

ஆதலின் இறையியல் மாணவர் இந்நூலைப் படிக்கட்டும், நிபந்தனையோடு படிக்கட்டும். துன்புறுவோரின் இல்லத்திற்குச் செல்லுமுன், இத்துன்பத்தில் தவிர்க்கத்தக்கது எது, தவிர்க்கவியலாதது எது என்று கேட்டறியட்டும். முன்னதற்காக வழக்குமன்றத்திற்கும் அதிகாரியின் வாசலுக்கும் உடன் செல்லவேண்டும். பின்னதற்காக நெடுநாள் உடன் அமர்ந்திருக்கவேண்டும். அருளுரை இவ்விரண்டுக்கும் பின்னரே.