பார்கியெலின் பெரிய ஆட்டம் எவரெஸ்ட் அல்ல, கே2

போலந்துக்காரர் ஆண்ட்ஷெய் பார்கியெல் 2025 செப்டம்பர் 22 அன்று ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். அங்கேயே ஸ்கீ பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கினார். இரவு இரண்டாம் முகாமில் தங்கி, மறுநாள் காலை அடிவார முகாம் வந்து சேர்ந்தார். சிலிண்டர் உதவியின்றி எவரெஸ்ட்டை இப்படி முழுக்கச் சறுக்கி முடித்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை. உலகம் முழுக்கச் செய்தி ஆனது, ஆக வேண்டியதுதான். ஆனால் ஏற்றத்தை ஒதுக்கிவிட்டுச் சறுக்கலுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால், அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. நாள் 2018 ஜூலை 22. இடம் கரகோரம் மலைத்தொடரில் உள்ள 8,611 மீட்டர் கே2.

செங்குத்துச் சரிவில் ஸ்கீ என்பது வேகப் போட்டி அல்ல. ஆஸ்திரியாவின் கிட்ஸ்ப்யூல் பந்தயப் பாதையில் வீரர்களை நடுங்க வைக்கும் ‘எலிப்பொறி’ என்ற இறக்கமே சுமார் 40 டிகிரிதான். அதுவும் சில நொடிகளில் கடந்துவிடும். வலை உண்டு, மருத்துவர் உண்டு. ஆனால் பாறைகளுக்கு நடுவே இறங்கும் பனி இடுக்குகளில் 45, 50 டிகிரி சாய்வு மணிக்கணக்கில் நீளும். நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு பொதுவாக 35 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடுக்குகளில் நேராக நின்றாலே மேட்டுப் பக்கத்து முழங்கை பனியில் உரசும்.

இங்கே ஆட்டமே திரும்புவதில்தான். பலகைகள் சரிவுக்குக் குறுக்கே கிடக்கும்வரை ஆபத்தில்லை. திசை மாற்றும்போது பலகைகளின் மூக்கு நேரே பள்ளத்தைப் பார்க்கும் ஒரு கணம் வரும். அந்தக் கணம் நீண்டால் வேகம் பிடித்துக்கொள்ளும். அதனால் கைத்தடியை ஊன்றி, இரண்டு பலகைகளையும் பனியிலிருந்து தூக்கி, காற்றிலேயே சுழற்றி, மறுபக்க எஃகு விளிம்புகளில் வந்து நிற்பார்கள். பிறகு ஒரு மூச்சு, அடுத்த குதிப்பு. விளிம்பு ஒருமுறை வழுக்கினால் பெரும்பாலும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. 8,000 மீட்டருக்கு மேல் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அந்த மூச்சோடுதான் இந்தக் குதிப்பெல்லாம்.

கே2வை முயன்றவர்களின் கதையைப் பார்த்தால் மலையின் தரம் தெரியும். மலையேறி ஹான்ஸ் காமர்லாண்டர் 2001இல் உச்சியிலிருந்து தொடங்கினார். இன்னொரு மலையேறி கண்ணெதிரே விழுந்து இறந்ததும் பலகைகளைக் கழற்றிவிட்டார். இத்தாலியின் மிக்கேலே ஃபாய்ட் 2009இல் இங்கே சறுக்கும்போது விழுந்து இறந்தார். அவருடைய கூட்டாளி ஸ்வீடனின் ஃப்ரெட்ரிக் எரிக்சன் அடுத்த ஆண்டே திரும்பி வந்து ‘பாட்டில்நெக்’ பகுதியில் விழுந்து உயிரை விட்டார். பார்கியெலும் முதல் முறை வென்றவர் அல்ல. 2017இல் வந்து, மலை சரியில்லை என்று கண்டு, உச்சிக்குப் போகாமலே ஊர் திரும்பினார். 2018 வெற்றியில் பாதி அந்தத் திரும்பலில் இருக்கிறது என்பது என் கட்சி.

உச்சிக்குக் கீழே இருக்கும் பாட்டில்நெக்கைத்தான் எல்லோரும் பேசுவார்கள். தொங்கும் பனிப்பாறைகளுக்கு அடியில் ஓடும் ஒடுக்கமான சரிவு, 2008இல் 11 பேர் பலியான விபத்தின் மையம். பயங்கரம்தான். ஆனால் ஸ்கீக்காரருக்கு அதைவிடப் பெரிய சிக்கல் கீழே காத்திருந்தது. வழக்கமாக ஏறும் அப்ரூசி முகட்டின் கீழ்ப்பகுதி பாறைமயம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறலாம், சறுக்கப் பனி இல்லை. உச்சிமுதல் அடிவரை பனி அறுந்துபோகாத ஒரே வழி என்று கே2வில் எதுவும் இல்லை.

பார்கியெல் பல பாதைகளின் துண்டுகளைத் தைத்து அப்படியொரு வழியைச் சேர்த்தார். உச்சியிலிருந்து பாட்டில்நெக் வழியாகத் தோள்பகுதி, அங்கிருந்து செசன் என்ற ஏறும் பாதையில் கொஞ்சம், பிறகு மலையேறி மெஸ்னர் பெயரால் அழைக்கப்படும் குறுக்குவழியில் தெற்கு முகத்தின் நடுவே, கடைசியாக 1986இல் போலந்து மலையேறிகள் குகுச்காவும் பியோத்ரோவ்ஸ்கியும் திறந்த பாதையின் கீழ்ப்பகுதி. அந்தக் குறுக்குவழிதான் இந்த ஆட்டத்தின் உயிர். மேலே பனிப்பாறைகள் தொங்க, கீழே அதலபாதாளம் திறந்துகிடக்க, பக்கவாட்டில் போயாக வேண்டும். வேகமாகப் போனால் விழலாம், மெதுவாகப் போனால் மேலிருந்து விழுவது நம்மேல் விழலாம்.

அன்று மேகம் வேறு சூழ்ந்தது. தோள்பகுதியில் நின்று, பார்வை தெளியும்வரை காத்திருந்தார். முற்பகல் பதினொன்றரை மணியளவில் உச்சியில் தொடங்கியவர் மாலை இருட்டுமுன் அடிவாரத்தில் நின்றார். இடையில் சும்மா நின்ற அந்த நேரத்தைக் குறையாகக் கணக்கிடுபவர்களுக்கு இந்த விளையாட்டு புரியவில்லை.

அவருடைய சகோதரர் பார்தெக் பறக்கவிட்ட டிரோன் மேலிருந்து வழியைப் பார்த்துச் சொன்னதையும் குறிப்பிட வேண்டும். அதே மாதம் பக்கத்து பிராட் பீக்கில் காணாமல் போன ஸ்காட்லாந்து மலையேறி ரிக் ஆலனைக் கண்டுபிடிக்க உதவியதும் பார்தெக்கின் டிரோன்தான். ‘கண்ணை இரவல் வாங்கினால் சாதனை குறையாதா’ என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. குறையாது. விளிம்பை ஊன்றிய கால் அவருடையது.

இனி எவரெஸ்ட்டுக்கு வருவோம். தெற்குப் பக்க வழியை ஸ்லோவேனியாவின் தாவோ கர்னிச்சார் 2000 அக்டோபரிலேயே ஐந்து மணி நேரத்துக்குள் சறுக்கி முடித்துவிட்டார். 2025இல் பார்கியெல் கூட்டியது, சிலிண்டர் இல்லாமல் சுமார் 16 மணி நேரம் 8,000 மீட்டருக்கு மேலே தாக்குப்பிடித்த உடல்வலிமை. அதோடு அடிவார முகாமுக்கு மேலே உள்ள கும்பு பனிப்பிளவுகளை ஏணியும் கயிறும் இல்லாமல் தாண்டிய துணிச்சல். நுரையீரலுக்கு அது பெரிய சாதனை. வழியோ ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. கே2வில் வழியையும் அவரே எழுத வேண்டியிருந்தது. சறுக்கலுக்கு ஒரே ஒரு கோப்பைதான் கொடுக்கலாம் என்றால், அதை 2018க்கே கொடுப்பேன்.