முல்லைப்பாட்டில் ஆற்றியிருத்தலும் கண்ணீரும்

பிரிவுக்காலத்துத் தலைவியின் மனநிலையைக் குறிக்க அகப்பொருள் மரபு கையாளும் சொல் ஆற்றியிருத்தல் என்பதாகும். ஆற்று என்னும் வினைக்குச் செய்தல், பொறுத்தல், சூடு தணித்தல் எனப் பல பொருள்கள் உண்டு. எனினும் அகப்பொருள் விளக்கங்களில் பொறுத்தல் என்னும் ஒன்றே மேலோங்கி, ஆற்றியிருப்பவள் கலங்காதவள் என்னும் கருத்து நிலைபெற்றுவிட்டது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய, 103 அடிகளே கொண்ட நப்பூதனாரின் முல்லைப்பாட்டு இக்கருத்துக்கு இடம் தருகின்றதா என்பது ஆராயத்தக்கது.

கார்காலத்து மாலைப்பொழுது, போர்மேற் சென்ற தலைவன் இன்னும் மீளவில்லை. முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அங்கே குளிரால் நடுங்கும் ஆய்மகள் ஒருத்தி, தாயைக் காணாது தவிக்கும் கன்றுகளிடம் அவற்றின் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்கிறாள். அதனையே நற்சொல்லாகக் கொண்டு வந்து முதுபெண்டிர் தலைவியைத் தேற்றுகின்றனர். அரசியின் கலக்கத்துக்கு மருந்தாகப் புலவர் தேர்ந்த சொல் தொழுவத்திலிருந்து வந்தது என்பது நயமானது. ஆயினும் அம்மருந்து பலிக்கவில்லை. அவர்கள் பலமுறை எடுத்துக்காட்டியும் தலைவி தேறாது கண்ணீர் பெருக்குகிறாள்.

இவ்விடமே நச்சினார்க்கினியருக்கு இடர்ப்பாடாயிற்று. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், இரங்கல் நெய்தலுக்குரியது. தலைவி ஆற்றாது இரங்கினாள் எனப் பொருள் கொள்ளின் பாட்டு நெய்தலாகிவிடும் என்பது அவர் கண்ட தடை. ஆகவே மாட்டு என்னும் உறுப்பின் துணைகொண்டு அடிகளை இடம்பெயர்த்துப் பொருளுரைத்தார். 1903இல் வெளிவந்த முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறைமலையடிகள் (அந்நாளில் அவர் வேதாசலம்) இம்முறையை மறுத்தார். அம்மறுப்பினை உரைநெறி பற்றிய பூசலாக மட்டும் கொள்வது போதாது. ஆற்றியிருக்கும் ஒருத்திக்கு அழுதற்கு உரிமை உண்டா என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

அவ்வினாவுக்குப் பாட்டின் பிற்பகுதியே விடையளிக்கிறது. தலைவி நெடுநேரம் எண்ணித் தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறாள், கழலும் வளையைத் திருத்திக்கொள்கிறாள், மயங்குகிறாள், பெருமூச்செறிகிறாள், அம்பு தைத்த மயிலென நடுங்குகிறாள். தேற்றமும் மயக்கமும் ஒன்றையொன்று வெல்லாமலே அடுத்தடுத்து வருகின்றன. வளையைத் திருத்துதல் மிகச் சிறிய செயல். அதனால் துயர் தீர்வதில்லை. சிறிது பொழுதில் வளை மீண்டும் கழலும். எனினும் கழன்றதை மீளவும் ஏற்றிக்கொள்ளும் அக்கையசைவில்தான் ஆற்று என்னும் வினையின் செய்தற்பொருள் புலப்படுகிறது. எழுநிலை மாடத்தில் விளக்கெரிய, மேலிருந்து சொரியும் மழைநீரின் ஓசையைக் கேட்டவாறு அவள் கிடக்கிறாள். நடுக்கமும் இருத்தலும் அங்கே ஓருடலில் உள்ளன. இலக்கணம் வகுத்த எல்லையைப் பாட்டு மீறிற்று என்பதைவிட, இருத்தல் என்பதன் உள்ளடக்கத்தை அது விரித்துக் காட்டிற்று என்பதே பொருந்தும்.

பாசறைப் பகுதியை வெறும் வருணனை எனக் கடந்துவிடுதல் தகாது. யவனர் காவல்புரியும் அப்பாசறையில் அரசனுக்கும் உறக்கமில்லை. புண்பட்ட யானைகளையும், அம்பு தைத்து உணவு கொள்ளாது வருந்தும் குதிரைகளையும், தன்பொருட்டு மாண்ட வீரரையும் அவன் எண்ணிக் கிடக்கிறான். அவனது உறக்கமின்மை வஞ்சித்திணையின் சிறப்பாகவும் தலைமைப் பண்பாகவும் பாராட்டப்பெறுகிறது. தலைவியின் உறக்கமின்மையோ அடிகளையே இடம்பெயர்க்க வேண்டிய சிக்கலாகிறது. இவ்வேறுபாடு நப்பூதனார் செய்ததன்று. ஒரே இரவின் இரு கலக்கங்களாகவே அவர் இவற்றை அமைத்துள்ளார். இருவரையும் கையின் அசைவு, மூச்சு, எண்ணம் ஆகியவற்றாலேயே காட்டுகிறார்.

இன்றைய உளவியற் கலைச்சொற்களைக் கொண்டுவந்து தலைவிக்கு நோய்ப்பெயர் சூட்டுதலும் வேண்டுவதில்லை. அதுவும் நச்சினார்க்கினியரின் மாட்டினைப் போன்று பாட்டை வேறோர் ஒழுங்கிற்கு இழுப்பதேயாகும். பாட்டு தருவது மிகத் தெளிவானது: சூழ்ந்தோர் சொன்ன ஆறுதல் எட்டவில்லை, தன் தேற்றமும் நிலைக்கவில்லை, ஆயினும் செவி மட்டும் திறந்திருக்கிறது. மழையோசை நிறைந்திருந்த அச்செவியில்தான் மீண்டு வரும் குதிரைகளின் ஒலி வந்து நிறைகிறது. அதற்கு முன் அவள் அழுகையை நிறுத்தியதாகப் புலவர் எங்கும் கூறவில்லை.