வாய்க்குள் வந்த கடல்

கடல் நீச்சலைப் படகிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கையைத்தான் பார்க்கிறார்கள். நிமிஷத்துக்கு எத்தனை வீச்சு, இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் வாயைப் பார்க்க வேண்டும். பத்து மணி, இருபது மணி நேரம் நீந்துகிறவரின் வித்தை உதட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. தோள் வலியோடு நீந்திக் கரை சேர்ந்தவர்கள் உண்டு. வயிறு நிறையக் கடலைக் குடித்துவிட்டுக் கரை சேர்ந்தவர்கள் குறைவு.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் இரத்தத்தில் உள்ளதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த அளவுக்கு உப்பேறிய சிறுநீரைப் பிரிக்க நம் சிறுநீரகத்துக்குச் சக்தி கிடையாது. ஆகவே குடித்த உப்பை வெளியே தள்ள, உடம்பு தன்னிடம் இருக்கிற நல்ல தண்ணீரை எடுத்துச் செலவழிக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் கிடந்தும் உடம்பு வறள்வது இப்படித்தான். போதாக்குறைக்குக் கடலில் மக்னீசியமும் சல்பேட்டும் உண்டு. பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பில் இருப்பதும் அவைதான். ஒரு வாய், இரண்டு வாய் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் நிமிஷத்துக்கு இருபது மூச்சு என்று வைத்தாலும் மணிக்கு 1,200 முறை, பன்னிரண்டு மணி நேரத்தில் 14,400 முறை வாய் திறந்து மூடுகிறது. ஒவ்வொரு தடவையும் சில சொட்டு உள்ளே போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்த நீச்சல்காரர் மூச்செடுப்பதைக் கிட்டத்தில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தலை தண்ணீரைக் கிழித்துப் போகும்போது நெற்றிக்கு முன்னால் ஒரு சிறு அலை எழும்பும். அது எழும்பினால் அதன் பின்னால், கன்னத்தை ஒட்டி, தண்ணீர் தாழ்ந்து ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில்தான் வாய் திறக்கிறது. அதாவது சுற்றியுள்ள கடல் மட்டத்துக்கும் கீழே! புதிதாகக் கற்பவர் காற்றைத் தேடித் தலையைத் தூக்குவார். இடுப்பு தாழும், பள்ளம் கலையும், அடுத்த அலை நேராக வாயில் வந்து அறையும். கைதேர்ந்தவர் தூக்குவதே இல்லை. தோள் புரளும்போது தலையும் கூடவே புரளும். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். உதடுகள் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அந்தக் கோணலில்தான் கீழ் ஓரம் மூடி மேல் ஓரம் திறக்கிறது. உள்மூச்சு ஒரு நொடிகூட நீடிக்காது. வெளிமூச்சை முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே விட்டு முடித்திருப்பார். பெரிய நாகஸ்வர வித்வான் எங்கே மூச்செடுத்தார் என்று கேட்பவருக்குத் தெரியாது அல்லவா, அந்த ரகம்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் தண்ணீர் வாய்க்குள் வரத்தான் செய்யும். கொண்டல் அடிக்கிற நாளில் கிழக்குப் பக்கம் திரும்பினால் வாய் நிறைய வரும். இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகியவர் மறுபக்கம் மாறிக்கொள்வார். ஆனால் அந்தப் பக்கம் படகு போனால் டீசல் புகை! நல்ல நீச்சல்காரரை நான் அடையாளம் காண்பது இங்கேதான். வாய்க்குள் வந்த தண்ணீரை எல்லாம் விழுங்கியாக வேண்டும் என்பதில்லை. நாக்கின் அடியைச் சற்று உயர்த்தி, தண்ணீரைப் பற்களின் பக்கமே நிறுத்திவைத்து, அதற்கு மேலாகக் காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அடுத்த வெளிமூச்சில் தண்ணீரைத் துப்பிவிடுகிறார்கள். பதற்றப்படுகிறவருக்கு இது வராது. பதறினால் தொண்டை தானாக விழுங்கிவிடும், அல்லது புரையேறும். கரையில் புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். நடுக்கடலில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடியே இருமிக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் ஒரு பயிற்சி.

1875இல் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் கடந்தபோது இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. அவர் நீந்தியது மார்பு நீச்சல், தலை மேலே. முகத்தைத் தண்ணீரில் புதைத்து நீந்தும் கிரால் வந்த பிறகுதான் வாய்க்கு இத்தனை வேலை. அதில் எனக்குப் பிடித்த கதை ஜெர்ட்ரூட் எடர்லியுடையது. 1925இல் அவர் கால்வாயில் சுமார் ஒன்பது மணி நேரம் நீந்திக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளர் ஜேபஸ் வுல்ஃப் அவர் மூழ்குகிறார் என்று நினைத்து ஆளை விட்டுப் பிடிக்கச் சொன்னார். கை பட்டது, ஆட்டம் முடிந்தது. நான் மூழ்கவில்லை, குப்புற மிதந்து சற்று ஓய்வெடுத்தேன் என்று எடர்லி கடைசிவரை சாதித்தார். இருபது தடவைக்கு மேல் கால்வாயில் இறங்கியும் ஒரு தடவைகூடக் கரை காணாத வுல்ஃபுக்கு, முகம் தண்ணீரில் இருப்பதே ஆபத்தாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். மறு வருஷம் வேறு பயிற்சியாளரோடு இறங்கிய எடர்லி பதினான்கரை மணி நேரத்தில் கடந்தார். கால்வாயைக் கடந்த முதல் பெண். அதுவரை கடந்த ஆண்கள் எல்லாரையும்விடச் சுமார் இரண்டு மணி நேரம் குறைவு.

விழுங்காமலே இருந்தாலும் உப்பு விடாது. நாக்கு தடிக்கும், தோல் உரியும், தொண்டை வீங்கும். 2019 செப்டம்பரில் சாரா தாமஸ் அதே கால்வாயை நிற்காமல் நான்கு முறை, 54 மணி 10 நிமிடம் நீந்தினார், அதுவும் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஓராண்டில். கரையேறிய பிறகு எது மிகக் கடினம் என்றதற்கு அவர் சொன்னது உப்புத் தண்ணீரைத்தான். தொண்டை, வாய், நாக்கு எல்லாம் ரணம்.

இதற்கான வைத்தியம் படகில் இருக்கிறது. பொதுவாக அரை மணிக்கு ஒரு முறை கயிற்றில் கட்டிய பாட்டில் தண்ணீரில் விழும். நீச்சல்காரர் படகைத் தொடக் கூடாது. மல்லாந்து மிதந்தபடி, வெதுவெதுப்பான மாவுச்சத்துக் கரைசலைச் சில நொடிகளில் குடித்துவிட்டுப் பாட்டிலை விட்டுவிடுவார். இடையில் ஒரு முறை நீர்த்த மவுத்வாஷால் கொப்பளிப்பு. சர்க்கரைப் பாகில் ஊறிய டின் பீச் பழத் துண்டு ஒன்று. கால்வாய் நீச்சல்காரர்களின் பழைய பிரியம் அது. வழுவழுவென்று ரணத்தில் உரசாமல் இறங்கும். குமட்டினால் கரைசலை நிறுத்திவிட்டு வெந்நீரோ இஞ்சியோ கொடுப்பார்கள். வாந்தி வந்தால் எடுத்துவிட்டுத் தொடர்வார்கள். வாந்தி எடுத்தது தோல்வி இல்லை, பல சமயம் அதற்குப் பிறகுதான் வீச்சு சீராகும். ஆனால் மூச்சுத்திணறலோடு இருமல் நிற்காமல் வந்தால் ரசனையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஆளை மேலே ஏற்ற வேண்டும். தண்ணீர் நுரையீரலுக்குப் போயிருக்கலாம், கரையேறிச் சில மணி நேரம் கழித்தும் அது ஆளைச் சாய்க்கும்.

நம் பாக் நீரிணையிலும் இந்த வித்தை தெரிந்தவர்கள் வரிசையாக வந்திருக்கிறார்கள்: 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி, 1966இல் 25 மணி 36 நிமிடம் நீந்திய மிஹிர் சென், 1971இல் போய்த் திரும்ப 51 மணி நேரம் நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன், 1994இல் பன்னிரண்டு வயது குற்றாலீஸ்வரன். இப்போதும் மார்ச், ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து யாராவது நீந்தி வருகிறார்கள். அப்போது தனுஷ்கோடிக் கரையில் நின்றால், ஆள் எழுந்து தண்ணீரை விட்டு முழுதாக வெளியே வரும்வரை யாரும் தொடாதீர்கள். வந்ததும் மாலையும் பொன்னாடையும் இருக்கட்டும், வாய் கொப்பளிக்க முதலில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொடுங்கள். மைக்கோடு நிற்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். அந்த நாக்குக்கு அப்போது பேச வராது.