தொழிலாளியின் கை

சுவாமி தரிசனத்துக்காகத் தீர்த்தமலைக்குப் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. முடிக்க முடியாமல் கிடந்த ஒரு கதையிடமிருந்து தப்பித்துக்கொண்டு போனேன். ராம தீர்த்தத்தில் தலை நனைத்துவிட்டு இறங்கி, அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்து பேசினார். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் ஃபிட்டர் படித்தவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருந்துவிட்டு, வேலையில்லாமல் ஊர் திரும்பியிருந்தார்.

“உங்க கதையில ஒரு ஃபிட்டர் வர்றாரு, சார். பசியோட படுக்கிறாரு; காதலிக்கிறாரு; ஸ்டிரைக் பண்றாரு. வேலை மட்டும் செய்யவே இல்லீங்களே!” என்றார்.

சிரித்துச் சமாளித்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது.

ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) நெசவாளியின் பசியை நாவலுக்குள் கொண்டுவந்தது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்து மக்களை நேரில் போய்ப் பார்த்து ‘கரிப்பு மணிகள்’ (1979) எழுதினார். இவை பெரிய காரியங்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த நம்மில் பலர் பசியை மட்டும் எடுத்துக்கொண்டோம். நம் கதைகளில் தொழிலாளிக்கு வயிறு உண்டு, கண்ணீர் உண்டு, கைத்திறன் இல்லை. இந்தக் குற்றத்தில் முதல் குற்றவாளி நானே.

இதிலென்ன நஷ்டம் என்று கேட்கலாம். ‘பயிற்சி பெற்ற ஆள் கிடைப்பதில்லை’ என்பது முதலாளிகளின் நெடுநாள் புலம்பல். ராமர் அம்பு எய்ததும் பாறையிலிருந்து தீர்த்தம் கொட்டியதாம். விளம்பரம் ஒன்று கொடுத்தால் தொழிலாளர்களும் அப்படிக் கொட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள் போலும்! அரசாங்கம் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1961-இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி அவன் பழகுபவன், தொழிலாளி அல்லன். பழகி முடித்தவனுக்கு வேலை தரும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றும் அது சொல்லிற்று. 2014-இல் திருத்தினார்கள், வேலைக்கு எடுக்கும் கொள்கையை அவரவரே வகுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆள் வேண்டும் என்கிற ஓசூர், 2004 வரை இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. பழகிய ஆளோ தீர்த்தமலையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். நடுவே இருப்பது தூரமல்ல. அந்தக் கையின் மதிப்பை அறியாமை.

அந்த அறியாமைக்கு எழுத்தாளனும் உடந்தை. பசியைக் காட்டினால் வாசகர் இரக்கப்படுவார். ஆனால் இரக்கம் தருமம் போடும், கூலி தராது. கூலி பேச வேண்டுமானால் திறமை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

“என்னதான் கற்றுக்கொண்டீர்கள்?” என்று அவரிடம் கேட்டேன். இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டுமாம். இடுக்கில் ஒரு கீற்று ஒளி தெரிந்தாலும் மறுபடி ராவ வேண்டும். “ஒரு மாசம் கை வீங்கிப் போச்சு, சார். அப்புறம் கைக்கே தெரிஞ்சுபோச்சு” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை என் கதை எதிலும் நான் எழுதியதில்லை.

கதையை முடித்துவிட்டேன். அதில் வரும் ஃபிட்டர் இப்போது அரம் பிடிக்கிறான். கதை நன்றாயிருக்கிறதா என்பதை நீங்கள் சொல்லுங்கள். சரியாயிருக்கிறதா என்பதை அவர் சொல்லட்டும்.