அச்சமும் ஆயுதமும்

உயிராபத்தை உணரும் பொலிஸ் உத்தியோகத்தரின் இதயத்துடிப்பு விரைகிறது, பார்வை குறுகுகிறது, செவிப்புலன் மங்குகிறது. ஆதலின் அவர் சுட்டதை அக்கணத்தின் நெருக்கடி கொண்டே மதிப்பிடல் வேண்டும் என்பர். 1989இல் அமெரிக்க உயர் நீதிமன்றமும் இதனையொட்டிய அளவுகோலையே வகுத்தது. இது உண்மை, ஆயின் பாதி உண்மையே.

2016 ஒக்ரோபர் 20 இரவு குளப்பிட்டியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். முதலில் விபத்து எனப்பட்டது. பிரேத பரிசோதனையோ சூட்டுக்காயத்தை வெளிப்படுத்தியது. பொலிஸார் ஐவர் கைதாயினர். படபடப்பு விரைவில் தணிவது. விசையை அழுத்திய விரலுக்கு அது விளக்கமாகலாம். பின்னர் எழுந்த ‘விபத்து’ என்ற சொல்லுக்கு விளக்கமாகாது.

மேலும், இக்கோட்பாடு ஒரு தரப்பின் அச்சத்தையே அளக்கிறது. 2017 ஒக்ரோபர் 22இல் அரியாலை மணியந்தோட்டத்தில் இளைஞர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். விசேட அதிரடிப்படையினர் இருவர் கைதாயினர். இவற்றை அறிந்த ஊரில், மறிக்கும் கையைக் காணும் இளைஞனின் நெஞ்சும் படபடக்கும். அவன் விரைந்தால் குற்றம், உத்தியோகத்தர் சுட்டால் உளவியல் என்பது நடுநிலையன்று.

1990இல் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள், உத்தியோகத்தருக்கு உளவள ஆலோசனையையும் சுடாது தீர்க்கும் பயிற்சியையும் ஒருங்கே வேண்டுகின்றன. நெருக்கடி முன்னறியத்தக்கதாயின், அதற்குப் பயிற்றாமை அமைப்பின் பொறுப்பேயன்றிச் சுட்டவரின் மன்னிப்பாகாது.