விழுகிறவனின் கை

நற்காலம் திரும்பிவிட்டது என்கிறது காசில் இருக்கும் எழுத்து. படத்திலோ ஒருவனை ஈட்டியால் குத்துகிறார்கள்.

கி.பி. 348 வாக்கில், ரோமப் பேரரசைப் பங்கிட்டு ஆண்ட சகோதரர்கள் இரண்டாம் கான்ஸ்டான்டியஸும் கான்ஸ்டன்ஸும் வெளியிட்ட வெண்கலக் காசு வரிசை இது. ‘ஃபெல் டெம்ப் ரெபாராட்டியோ’ என்பது அதிலுள்ள லத்தீன் வாசகம். மகிழ்ச்சியான காலத்தின் மீட்சி என்று பொருள். மகிழ்ச்சியையும் காலத்தையும் வெட்டிச் சுருக்கிவிட்டு மீட்சியை மட்டும் முழுசா எழுதியிருக்காங்க. இடம் பத்தலை, அவ்வளவுதான். இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வரிசையில் வேறு படங்களும் உண்டு. ஃபீனிக்ஸ் பறவை, கப்பலில் நிற்கும் பேரரசர், குடிசையிலிருந்து ஒரு சின்ன உருவத்தைக் கைப்பிடித்து வெளியே கொண்டுவரும் வீரன். (காப்பாற்றுகிறானா, பிடித்துக்கொண்டு போகிறானா? எத்தனை முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.) ஆனால் சில ஆண்டுகளிலேயே மற்றவை மறைந்து, குதிரையிலிருந்து விழுகிறவனைக் குத்தும் படமே பேரரசு முழுக்கப் பரவியது.

முதலில் நானும் ஈட்டிக்காரனைத்தான் பார்த்தேன். அவனிடம் பார்க்க அதிகமில்லை. தலைக்கவசம், கேடயம், ஈட்டி. எந்தப் போர்ப் படத்திலும் கொண்டுபோய் நிறுத்தலாம். விழுகிறவன் அப்படியில்லை. சில அச்சுகளில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். சிலவற்றில் தரையில் உட்கார்ந்துவிட்டான். வேறு சிலவற்றில் திரும்பி, குத்துகிறவனை நோக்கிக் கையை உயர்த்துகிறான்.

அச்சு வெட்டியவன் இரக்கப்பட்டான் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. வெற்றியைக் காட்டணும்னா தோற்கிறவனையும் செதுக்கித்தானே ஆகணும்? அரசுக்காகச் செய்யப்படும் கலை மாட்டிக்கொள்வது இங்கேதான். எதிரியை உயிரோடு காட்டாமல் அவன் சாவைக் காட்ட முடியாது.

350இல் மாக்னென்டியஸ் என்ற ரோமத் தளபதி கலகம் செய்தான். கான்ஸ்டன்ஸ் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு முர்சாவில் ரோமப் படையும் ரோமப் படையும் மோதிப் பெரும் உயிர்ச்சேதம். கான்ஸ்டான்டியஸின் காசில் மட்டும் அதே வெளியாள்தான் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தான். வாசகமும் மாறவில்லை.

மாறியது காசின் அளவு. வரவரச் சிறுத்து, நம்ம பத்துக் காசு அளவுக்கு வந்துவிட்டது. அச்சைவிடத் தகடு சின்னது என்பதால் பலவற்றில் எழுத்து பாதி விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. நான் படத்தில் பெரிதாக்கிப் பார்த்த ஒன்றில் ‘மகிழ்ச்சி’யே இல்லை. ஈட்டிக்காரனின் முகமும் தேய்ந்திருந்தது. விழுகிறவனின் கை தெரிந்தது, விரல்கள் ஒட்டிப்போய்.