மன்னிக்கும் வினையும் மறைக்கும் வினையும்: நெருதாவின் நினைவுக்குறிப்பில் ஒரு பத்தி

புகழ்பெற்ற கலைஞர் கொடுங்குற்றம் இழைத்தவராயின் அவரை மன்னிக்கலாமா என்னும் வினா திறனாய்வுலகில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகிறது. விடை கூறப் புகுவோர் படைப்பின் பெருமையை ஒரு தட்டிலும் குற்றத்தின் கொடுமையை மறுதட்டிலும் இட்டு நிறுக்க முற்படுகின்றனர். 'மன்னி' என்னும் வினை எத்தகைய எழுவாயை வேண்டி நிற்கிறது என்பதை அவர்கள் நோக்குவதில்லை. அரசு தண்டனையைக் குறைத்தலாகிய சட்ட வழக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இவ்வினைக்கு எழுவாயாகத் தக்கவர் தீங்குற்றவரே. திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்திலும் பொறுப்பவர் தீங்கிற்கு ஆளானவராகவே அமைகிறார். 'வாசகர் கவிஞரை மன்னித்தார்' என்னும் தொடரில் இலக்கணப் பிழை இல்லை. பொருண்மையில் குறை உண்டு. இக்குறை மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வாறு ஒரு சிக்கலாகிறது என்பதைப் பாப்லோ நெருதாவின் நினைவுக்குறிப்பிலுள்ள ஒரு பத்தி தெளிவாகக் காட்டுகிறது.

நெருதா 1929இல் சிலி நாட்டின் தூதரக அலுவலராகக் கொழும்பில் பணியாற்றினார். வெள்ளவத்தையில் கடலோரத்து வீடொன்றில் வாழ்ந்தார். அவர் 1973இல் மறைந்தபின், 1974இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் அக்காலத்து நிகழ்ச்சியொன்று கூறப்படுகிறது. அவ்வீட்டின் கழிப்பிடத்தைத் தூய்மை செய்ய நாள்தோறும் ஒரு தமிழ்ப் பெண் வந்துசென்றார். நெருதா அவரை அழைத்தும் பயனில்லை; அவர் செல்லும் வழியில் பட்டோ பழமோ வைத்தும் பார்த்தார். அப்பெண் அவற்றைத் திரும்பியும் பாராமல் சென்றார். ஒரு நாள் காலை நெருதா அவருடைய மணிக்கட்டை வலிந்து பற்றினார். அதன்பின் நிகழ்ந்தது வன்புணர்ச்சி. இதனை வெளியிட்டவர் வேறொருவர் அல்லர், நெருதாவே.

ஆதலின் ஆசிரியரைப் படைப்பிலிருந்து பிரித்து நோக்க வேண்டும் என்னும் வாதம் இங்குச் செல்லாது. ரோலான் பார்த் வழிவந்த அக்கொள்கை கவிதைக்கும் புனைகதைக்கும் எவ்வளவு பொருந்தினும் தன்வரலாற்றுக்குப் பொருந்துவதில்லை. ஆசிரியரும் கூறுபவரும் கூறப்படுபவரும் ஒருவரே என்னும் உடன்பாட்டின்மீதே தன்வரலாறு நிற்கிறது என்பதை ஃபிலிப் லெழென் 1975இல் விளக்கினார். எஸ்ரா பவுண்டுக்கு 1949இல் போலிங்கன் பரிசு வழங்கப்பட்டபோது எழுந்த விவாதத்திற்குக் குற்றச்சாட்டு, காவல் முதலிய பொதுச் சான்றுகள் இருந்தன. நெருதா செய்தியிலோ குற்றம் சாட்டியவரும் இல்லை, வழக்கும் இல்லை; தீங்குற்றவரின் பெயரும் இல்லை. இருப்பது ஒரு பத்தி மட்டுமே. எனவே அதன் தொடரமைப்பே சான்றாகிறது.

அப்பத்தியில் வினைகளின் போக்கு கவனிக்கத்தக்கது. மணிக்கட்டைப் பற்றும் இடத்தில் வினை தன்மை ஒருமையில் உள்ளது. செய்தவர் ஐயத்திற்கிடமின்றி 'நான்'. அடுத்த தொடரிலேயே எழுவாய் மாறிவிடுகிறது. ஸ்பானிய மொழியின் 'தெஹார்சே' என்னும் துணைவினை அமைப்பு வருகிறது. பெண் தன்னை அழைத்துச்செல்ல விட்டாள் என்பது அதன் பொருள். இவ்வமைப்பு இசைவு தருதல் முதல் எதிர்க்க இயலாமை வரை விரிந்த பொருளெல்லை உடையது. பின்னர் அப்பெண் ஆடையின்றிக் கிடந்தார் என்பது நிலைவினையால் சொல்லப்படுகிறது. ஆடை களைந்தவர் எவர் என்பதற்கு அத்தொடரில் இடமில்லை. நிகழ்ந்தது 'என்குவென்த்ரோ', அதாவது சந்திப்பு, என்னும் பெயர்ச்சொல்லாகிறது. இறுதியில் அந்த அனுபவம் மீண்டும் நிகழாமையைக் குறிக்கும் வினையிலும் வினைமுதல் இல்லை. பற்றிய கை ஐந்தாறு தொடர்களுக்குள் மறைந்துவிடுகிறது. அவர் தம்மை வெறுத்தது முறையே என நெருதா ஒப்புக்கொள்ளும் தொடர் ஒன்று இடையில் உண்டு. அங்கும் எழுவாய் பெண்ணே. வெறுப்பதே அவர் செயல். தாம் செய்தது இன்னது என்னும் கூற்று அதில் இல்லை.

1977இல் ஹார்டி செயின்ட் மார்ட்டின் செய்த ஆங்கிலப் பெயர்ப்பில் இம்மறைவு மேலும் ஒருபடி செல்கிறது. ஸ்பானிய மூலத்தில் 'என்னால்' என்னும் பொருள்தரும் சொல் 'தெஹார்சே' அமைப்புடன் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது விடுபட்டுள்ளது. ஆங்கில நடை அவ்விடத்தில் அச்சொல்லை வேண்டவில்லை என்பது உண்மையே. பெயர்ப்பாளருக்குத் தீய நோக்கம் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் செய்தவரைச் சுட்டிய கடைசிச் சொல் அதுவே. நூலின் தலைப்பும் மாறியது. வாழ்ந்ததை ஒப்புக்கொள்வதாக அமைந்த ஸ்பானியத் தலைப்பு ஆங்கிலத்தில் 'நினைவுக்குறிப்புகள்' என்னும் பொருளுடையதாகச் சுருங்கியது. அந்த ஒப்புதலும் யாரை நோக்கியது? ஸ்பானியம் படிப்பவரை. அம்மொழி அப்பெண்ணின் மொழியன்று.

மொழி பற்றி நெருதா கூறும் காரணமும் ஆராயத்தக்கது. அப்பெண்ணிடம் பேசுவதற்கு எந்த மொழியும் இல்லை என்கிறார். மொழியியலார் இதனை ஏற்றல் அரிது. வைத்த பொருளைத் தொடாது செல்லுதல் ஒரு விடை; அழைத்தபோது திரும்பாமை ஒரு விடை. பயன்வழியியல் இவற்றை மறுப்பு என்றே கொள்ளும். அவற்றை உரிய வரிசையில் பதிவு செய்தவரும் நெருதாவே. விடை கிடைத்திருந்தது, பொதுமொழி இல்லை என்னும் கூற்று அவ்விடையைக் கேளாமற்போனதற்குப் பின்னர்த் தேடிய காரணமாகவே தோன்றுகிறது.

இனி இப்பத்தியைத் தமிழாக்குபவர் யாது செய்தல் வேண்டும்? அறச்சீற்றத்தால் 'இழுத்துச் செல்லப்பட்டாள்' என எழுதத் தோன்றும். அது பிழை. அவ்வாறு எழுதினால் நெருதாவின் தப்பித்தலைப் பெயர்ப்பாளரே அழித்துவிடுகிறார். மூலத்தில் இல்லாத நேர்மை மூல ஆசிரியருக்குக் கிடைத்துவிடுகிறது. 'இடங்கொடுத்தாள்' என்பது அதனினும் பிழை. தமிழ் வழக்கில் அது இசைவையே குறிக்கும். 'என்னால் அழைத்துச்செல்லப்படத் தன்னை விட்டாள்' என்பது செவிக்கு இனிதன்று. ஆயினும் மூலத்தின் இடறலை இடறலாகவே காட்டுகிறது. 'நிகழ்', 'நிகழ்த்து' என்னும் தன்வினை பிறவினை இணையில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய இறுதித் தொடரிலும் 'நிகழவில்லை' என்பதே தக்கது. வன்புணர்ச்சி என்னும் சொல் மொழிபெயர்ப்பினுள் வரலாகாது. முன்னுரையிலும் திறனாய்விலும் வராதிருத்தல் ஆகாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே பத்தி முழுவதையும் விட்டுவிடும் எண்ணமும் எழுகிறது. விட்டுவிடுதலும் ஒருவகை மன்னிப்பே. அதனை வழங்கும் உரிமை பெயர்ப்பாளருக்கு இல்லை.

2018இல் சாந்தியாகோ விமான நிலையத்திற்கு நெருதாவின் பெயரைச் சூட்டும் முன்மொழிவு எழுந்தபோது சிலியின் பெண்ணியலார் இப்பத்தியைச் சுட்டி எதிர்த்தனர். நூல் வெளிவந்து 44 ஆண்டுகள் கழிந்திருந்தன. கவிதையைப் படிக்கலாகாது என்போரும் பெயர் சூட்டியே ஆகவேண்டும் என்போரும் ஒரே தவற்றைச் செய்தனர் எனலாம். பெயர் சூட்டுதல் ஆஸ்டின் கூறும் செயற்கூற்று. அஃது ஒருவரைப் பெருமைப்படுத்துகிறது. படித்தல் அத்தகையதன்று. அக்காலத்துக் கவிதைகள் அடங்கிய 'பூமியில் உறைவிடம்' தொகுதியைப் படிப்பவர் எவரையும் மன்னித்தவராகார்.

தமிழாக்கத்தில் எஞ்சுவது ஒரு சொல். அப்பெண்ணின் சாதியை நெருதா 'பரியா' என்கிறார். பறையர் என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, விலக்கப்பட்டோர் எனப் பொதுப்பொருள் பெற்ற சொல் அது. அவர் குறித்தது குறிப்பிட்ட சாதியையா, பொதுப்பொருளையா என்பதை அச்சொல்லைக் கொண்டு துணிய இயலாது. தமிழில் அதனைச் சாதிப்பெயராக மீட்டெழுதினால் பெயரறியாத ஒருவருக்குச் சான்றில்லாத சாதியொன்றைச் சூட்டியதாகும். 'பரியா' என ஸ்பானிய ஒலியிலேயே விடுதல் நன்று. இடப்பெயரிலும் இவ்வாறே முடிவு வேண்டும். இக்கட்டுரையின் கூற்றில் அப்பெண் 'அவர்' எனப்பட்டார். நெருதாவின் கூற்றைப் பெயர்க்குமிடத்து 'அவள்' என்றே எழுதல் வேண்டும்.